சும்மா நிற்பது சுலபமல்ல

வடசென்னையின் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். விசைப்படகுகளிலிருந்து கூடைகள் இறங்கும், ஐஸ் பெட்டிகள் தள்ளுவண்டியில் ஓடும், விலை கூவும் குரல்கள் ஒன்றையொன்று முந்தும். அந்தக் கூட்டத்தில் படகுக்கும் ஏலத்திடலுக்கும் ஓயாமல் நடந்துகொண்டிருப்பவர்கள் ஒரு வகை. எடை போடும் இடத்தை விட்டு அசையாமல் நின்று கணக்கு எழுதுபவர்கள் இன்னொரு வகை. வெயில் ஏறி வேலை ஓயும்போது நடந்தவருக்குக் கழுத்தும் தோளும் வலிக்கலாம். கால் கடுப்பது நின்றவருக்குத்தான்.

இது விந்தையான கணக்கு. நடப்பதற்குத்தான் அதிக உழைப்பு தேவை. நிற்பவர் எதையும் தூக்கவில்லை, எங்கும் போகவில்லை. ‘சும்மாதானே நிக்கிற?’ என்று அவரைப் பார்த்து யாரும் கேட்டுவிடலாம். ஆனாலும் ராயபுரம் பாலத்திலிருந்து கடற்கரை வரை உற்சாகமாக நடந்து வரும் ஒருவர், ரேஷன் கடை வரிசையில் அதே நேரம் நின்றால் சோர்ந்துபோகிறார். பள்ளி மைதானத்தில் ஓடியாடும் பையன் மயங்குவதில்லை; அதே மைதானத்தில் காலை வழிபாட்டுக்கு விறைப்பாக நிற்கும்போது மயங்கி விழுகிறான்.

இந்தப் புதிருக்கு இன்னொரு முனையும் உண்டு. சீனாவில் அசையாமல் நிற்பதையே மருந்தாகச் சொல்லும் பழைய பயிற்சி ஒன்று இருக்கிறது. பெயர் ‘ஜான் ஜுவாங்’. ‘ஜான்’ என்றால் நிற்றல். ‘ஜுவாங்’ என்பது மண்ணில் அறையப்பட்ட மரத்தூண். எண்ணூரில் துறைமுகம் கட்டும்போது கடலடி மண்ணில் இறக்கும் ‘பைல்’ தூண்களையும் சீன மொழியில் இதே சொல்லால் குறிக்கலாம். மாட்டைக் கட்டும் முளைக்குத் தமிழில் தறி என்று பெயர், கட்டுத்தறி என்கிறோம். அதை வைத்து இந்தப் பயிற்சியைத் ‘தறிநிலை’ என்று சொல்லிப் பார்க்கலாம்.

தறிநிலையில் நிற்பவரைப் பார்த்தால் பயிற்சி செய்வதாகவே தோன்றாது. பாதங்கள் தோள் அகலத்தில் இருக்கும். முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கும், பூட்டியிருக்காது. உச்சந்தலையை மேலிருந்து ஒரு நூல் இழுத்துப் பிடித்திருப்பது போல முதுகு நிமிர்ந்திருக்கும். கைகள் பெரிய மரத்தைக் கட்டிப்பிடிப்பது போல மார்புக்கு முன்னே வளைந்து நிற்கும். மூச்சு தன் போக்கில் வந்துபோகும். அவ்வளவுதான். தொடங்குபவர்கள் சில நிமிடங்களும், பழகியவர்கள் அரை மணியும் அதற்கு மேலும் நிற்பார்கள். சீனத் தற்காப்புக் கலைகளில் அடிப்படைப் பயிற்சியாக இருந்த இதை மையத்துக்குக் கொண்டுவந்தவர் வாங் சியாங்ஜாய் (1885–1963). கற்றுக்கொண்ட அடிமுறைகளின் அலங்கார அசைவுகளைக் கழித்துக்கொண்டே போனவர் கடைசியில் நிற்பதில் வந்து நின்றார். வாழ்நாளின் பிற்பகுதியில் இதை உடல்நலத்துக்காகவும் கற்பித்தார்.

சீனப் பயிற்சி என்றதும் தமிழ் வாசகர்களுக்குப் போதிதர்மர் நினைவுக்கு வருவார். 2011இல் வந்த ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு, சீனத் தற்காப்புக் கலைகள் எல்லாமே காஞ்சிபுரத்திலிருந்து போனவை என்ற எண்ணம் பரவிவிட்டது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547ஐச் சேர்ந்தது. அதில் அவர் ஒரு துறவி, வயது முதிர்ந்தவர். தற்காப்புக் கலையைப் பற்றிப் பேச்சே இல்லை. உடற்பயிற்சி நூல் ஒன்றை அவர் பெயரோடு இணைத்தது 17ஆம் நூற்றாண்டில்தான். சுமார் 1,000 ஆண்டு இடைவெளி.

நின்றபடி தியானம் செய்வதற்குத் தமிழ்நாட்டிலேயே உறுதியான சான்று வேண்டுமானால் கழுகுமலைக்குப் போக வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள அந்தக் குன்றின் பாறையில், 1,000 ஆண்டுகளுக்கும் முன்பே சமணர்கள் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களிடையே பாகுபலி நிற்கிறார். கைகள் உடலை உரசாமல் தொங்குகின்றன, கால்களைக் கொடி சுற்றியிருக்கிறது. ‘காயோத்சர்க்கம்’ என்பது அந்த நிலையின் பெயர். உடலைத் துறத்தல் என்று பொருள். முழங்கால்கள் நேராக இருக்கும். சீனர்கள் உடலைப் பேணுவதற்காக நின்றார்கள், சமணர்கள் உடலை மறப்பதற்காக நின்றார்கள். நோக்கம் எதிரெதிர். ஆனால் அசையாமல் நிற்பது ஒரு சாதனை என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டன. அதில் அவர்கள் சொன்னது சரிதான் என்று உடலியல் இப்போது காட்டுகிறது.

முதல் செய்தி: அசையாமல் நிற்பவர் என்று யாருமே கிடையாது. துடைப்பக் கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். கட்டை சாயும் பக்கமெல்லாம் கை ஓட வேண்டும். இயற்பியலில் இதற்குத் தலைகீழ் ஊசல் என்று பெயர். கடிகார ஊசல் கீழே தொங்குவதால் தானாக நடுவுக்கு வந்துவிடும். தலைகீழ் ஊசலோ விழுந்துகொண்டே இருக்கும். நிற்கும் மனிதர் அந்தத் துடைப்பக் கட்டைதான். உடல் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால் அந்தப் புள்ளி, அதாவது நிறைமையம், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இடுப்புக்குள் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருக்கும் பாரத்தை இரண்டு பாதங்களின் சிறிய பரப்புக்குள் வைத்துக் காக்க வேண்டும். (சீன ஆசிரியர்கள் கவனத்தை வைக்கச் சொல்லும் ‘தான்தியான்’ என்ற இடமும் தொப்புளுக்குக் கீழேதான். இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சமநிலை கற்பிக்கிறவருக்கு வசதியான தற்செயல்.)

நிற்பவர் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1860களில் ஜெர்மன் உடலியலாளர் கார்ல் ஃபியரோர்ட் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். நிற்பவரின் தலைக்கவசத்தில் ஒரு இறகைச் செருகி, அது உரசும்படி மேலே புகை படிந்த தாளைப் பிடித்தார். ‘நான் அசையவே இல்லை’ என்று நினைத்தவரின் தலைக்கு மேலே கோடுகள் கிறுக்கலாக விழுந்தன. இன்றைக்கு அந்த வேலையைச் செய்வது விசைத் தட்டு. நிற்பவரின் பாரம் பாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளக்கிறது.

இந்த ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்க மூளைக்கு மூன்று வழியில் தகவல் வருகிறது. ஒன்று கண். ராயபுரம் ரயில் நிலையத்தில் நின்றிருக்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் நகர்ந்தால், நம்முடைய ரயில் கிளம்பிவிட்டதாக உடம்பே நம்பிவிடும். 1974இல் டேவிட் லீயும் எரிக் ஆரன்சனும் இதையே சோதனையாக்கினார்கள். தரையைத் தொடாமல் தொங்கும் சுவர்களும் கூரையும் கொண்ட அறைக்குள், அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை நிறுத்திச் சுவர்களை மெல்ல நகர்த்தினார்கள். தரை அசையவில்லை, ஆனாலும் குழந்தைகள் தள்ளாடி விழுந்தன. இரண்டாவது, உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு. மூன்றாவதுதான் பலரும் கேள்விப்படாத புலன்: தசையும் மூட்டும் தங்கள் நிலையைத் தாங்களே மூளைக்குச் சொல்லும் உணர்வு. இதைத் தன்னிலை உணர்வு எனலாம். கண்ணை மூடிக்கொண்டும் சோற்றுக் கவளம் தவறாமல் வாய்க்குப் போவது இதனால்தான். 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க் ஒன்றைக் கவனித்தார். தண்டுவடம் பழுதாகித் தன்னிலை உணர்வை இழந்த நோயாளிகள் கண் திறந்திருக்கும் வரை நன்றாக நிற்கிறார்கள், கண்ணை மூடியதும் சரிகிறார்கள். நரம்பு மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரால் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

தகவல் வருகிறது, சரி. விழாமல் பிடிப்பது யார்? பெரும்பங்கு கெண்டைக்காலுடையது. உடலின் பாரக்கோடு கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் விழுவதால், நிற்பவர் எப்போதும் முன்பக்கம் சாயவே பார்ப்பார். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் கயிறுதான் கெண்டைக்கால் தசை. இந்தப் பெயரே ஓர் அழகு: ஆடுசதையின் உருவில் தமிழர்கள் கெண்டை மீனைப் பார்த்திருக்கிறார்கள். அதன் உள்ளடுக்கில் தட்டையாகக் கிடக்கும் தசைக்கு மருத்துவத்தில் சோலியஸ் என்று பெயர். அதன் வேரான லத்தீன் சொல்லுக்குச் செருப்பு என்று பொருள். நாக்கு மீன் போன்ற தட்டை மீனுக்கும் ஐரோப்பியர்கள் அதே சொல்லிலிருந்துதான் பெயர் வைத்தார்கள். மெதுவாக இயங்கி எளிதில் களைக்காத இழைகளே சோலியஸில் மிகுதி. மணிக்கணக்கில் நிற்பதற்கென்றே அமைந்த தசை இது.

அப்படியானால் கால் ஏன் கடுக்கிறது? பதில் தசையில் மட்டும் இல்லை. இரத்தத்திலும் இருக்கிறது.

இதயம் தள்ளும் இரத்தம் தமனி வழியே காலுக்கு இறங்கிவிடும். அது சிரை வழியே திரும்பி மேலேற வேண்டும், அதுவும் ஒரு மீட்டருக்கு மேல், புவியீர்ப்பை எதிர்த்து. இந்த ஏற்றத்தைப் புரிந்துகொள்ள வடசென்னைத் தெருவில் உள்ள அடிபம்பே போதும். கைப்பிடியை அடித்தால் தண்ணீர் ஏறும், உள்ளே இருக்கும் வாஷர் அதைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும். காலில் கைப்பிடி கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது இறுகிச் சிரையைப் பிழிகிறது. வாஷர் வேலையைச் செய்பவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். இந்த வால்வுகளை இத்தாலியின் பாதுவா நகரில் ஃபப்ரீசியஸ் 1603இல் வரைந்து காட்டினார், ஆனால் அவற்றின் பயனைச் சரியாகப் பிடிக்கவில்லை. அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628இல் பிடித்தார். அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். கையைத் தொங்கவிட்டு, புடைத்து நிற்கும் ஒரு சிரையை விரலால் அழுத்தியபடி இன்னொரு விரலால் இரத்தத்தை முழங்கைப் பக்கம் தள்ளிவிடுங்கள். சிரையின் அந்தப் பகுதி வெறுமையாகவே இருக்கும். மேலே தள்ளிய இரத்தம் கீழே இறங்காது, வால்வு மூடிக்கொண்டுவிட்டது.

இனி ஓர் அளவீடு. 1949இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பொல்லாக், வுட் இருவரும் கணுக்கால் சிரையில் நுண்குழாயைச் செருகி அழுத்தத்தை அளந்தார்கள். அசையாமல் நின்றபோது அது 90 மில்லிமீட்டர் பாதரசத்தை நெருங்கியது. நின்றவர்களே நடக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இறங்கியது. அடிபம்பு ஓடினால் குழாய் காலியாகிறது, நின்றால் தேங்குகிறது. நின்ற சிறிது நேரத்திலேயே அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிடும். மூளைக்குப் போகும் பங்கு குறைந்தால் மயக்கம் வரும். பள்ளி மைதானத்துப் பையன் விழுவது இதனால்தான். விழுவதும் ஒரு விதத்தில் நல்லதே. படுத்த நிலையில் இரத்தம் உடனே தலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஆண்டுக்கணக்கில் இப்படித் தேங்கினால் வால்வுகள் தளர்ந்து சிரைகள் புடைத்து நெளியும். ஊர்ப் பேச்சில் ‘நரம்புச் சுருட்டு’ என்பார்கள். சுருண்டிருப்பது நரம்பு அல்ல, சிரை. இந்த வேறுபாடு தெரிந்தால் ‘நரம்புத் தளர்ச்சி’ மருந்துகளில் பணத்தைக் கரைக்காமல் சரியான மருத்துவரிடம் போகலாம்.

தறிநிலைக்குத் திரும்புவோம். அங்கே முழங்காலை மடக்கச் சொல்வது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் எல்லாமே அதில்தான் மாறுகிறது. முழங்காலைப் பூட்டி நின்றால் பாரத்தை எலும்பும் தசைநாரும் தாங்கிக்கொள்ளும், தொடைத் தசை ஓய்வெடுக்கும். லேசாக மடக்கினால் தொடையின் முன்தசை நொடி விடாமல் உழைத்தாக வேண்டும். படகில் நிற்கும் கடலோடிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலையில் ஏறி இறங்கும் பலகை மேல் முழங்காலைப் பூட்டி நின்றால் கடலில்தான் விழ வேண்டும். ஆங்கிலத்துக்குப் பெயரையே கொடுத்த நம் கட்டுமரத்தில் நின்று வலை வீசியவர்களின் முழங்கால்கள் இப்படித்தான் மடங்கியிருக்கும்.

சில நிமிடங்களில் தொடை நடுங்கத் தொடங்கும். ‘ச்சி’ என்னும் உயிராற்றல் பாய்வதன் அடையாளம் இது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். உடலியலின் விளக்கம் வேறு. ஒரு நரம்புச் செல்லும் அது ஆட்டுவிக்கும் தசை இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. வேலை வந்தால் சிறிய, களைக்காத அலகுகள் முதலில் களமிறங்கும்; தேவை கூடக் கூடப் பெரியவை சேரும். 1960களில் எல்வுட் ஹென்னமன் நிறுவிய விதி இது. கரைவலை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பலர் முன்பின்னாக இழுத்தால் கயிறு சீராக வரும். களைத்துப்போய் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்து ஒரே நேரத்தில் விட்டால் கயிறு குலுங்கிக் குலுங்கி வரும். நடுக்கம் அந்தக் குலுங்கல்தான்.

தறிநிலைக்காரர்கள் சொல்லும், கைகள் தாமாக மிதப்பது போன்ற உணர்வுக்கும் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. வாசற்படியில் நின்று இரு புறங்கைகளாலும் நிலைச்சட்டத்தை அரை நிமிடம் பலமாகத் தள்ளுங்கள். பிறகு ஓரடி முன்னே வந்து கைகளைத் தளரவிடுங்கள். யாரோ தூக்குவது போல அவை தாமாகவே மேலெழும். 1915இல் ஆஸ்கர் கோன்ஸ்டாம் இதை விவரித்தார். நீண்ட நேரம் இறுகிய தசைக்கு, நாம் முயற்சியை நிறுத்திய பிறகும் நரம்பு மண்டலம் சற்று நேரம் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தறிநிலைக்காரர்களின் அனுபவம் பொய்யல்ல. அதற்கு அவர்கள் கொடுத்த விளக்கத்தைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

சரி, உடலுக்கு நன்மை உண்டா? தறிநிலையை மட்டும் தனியே எடுத்துச் செய்த ஆய்வுகள் குறைவு, சிறியவை. நோய் தீர்க்கும் என்று சொல்ல அவை போதாது. அதன் நெருங்கிய உறவினர்களுக்கு வலுவான சான்று உண்டு. 2023இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு 270 சோதனைகளை, 15,827 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஓய்வுநிலை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் முதலிடம் பெற்றது ஓட்டமோ எடை தூக்குவதோ அல்ல. மூட்டை அசைக்காமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள். மேல் அழுத்தம் சராசரியாக 8, கீழ் அழுத்தம் 4 மில்லிமீட்டர் குறைந்தது. இவற்றில் முக்கியமானது சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வது போல நிற்பது. வழக்கமான அளவு இரண்டு நிமிடம் வீதம் நான்கு முறை, இடையே ஓய்வு, வாரம் மூன்று நாள். முதியோர் கீழே விழுவதைத் தடுக்கும் பயிற்சிகள் பற்றிய 2019ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வில், சீனத் தை ச்சி பயிற்சி விழுதல்களைச் சுமார் 19 சதவீதம் குறைக்கலாம் என்று தெரிந்தது. சமநிலைப் பயிற்சிகள் அதைவிடச் சற்று அதிகம், 24 சதவீதம் குறைத்தன. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டியாவது இல்லாத தெரு கிடையாது. இந்த எண்களின் அருமை அங்கே தெரியும்.

எச்சரிக்கையும் தேவை. தசையை இறுக்கிப் பிடித்திருக்கும் நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறும். மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். கட்டுப்படாத அழுத்தம், இதய நோய், தேய்ந்த மூட்டு, புடைத்த சிரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு நிமிடமே போதும்.

இனி காசிமேட்டில் கணக்கு எழுதுபவரிடம் வருவோம். திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்டாக எந்திரத்தின் முன் நிற்பவர்கள், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் புடவை விரித்துக் காட்டும் பெண்கள், சாலையோரத்தில் மீன் வெட்டித் தருபவர்கள் ஆகியோரும் தினமும் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். அவர்களிடம் போய் ‘நிற்பது நல்லது, சீனர்களே சொல்லியிருக்கிறார்கள்’ என்று யாராவது சொன்னால் அது அறிவியலும் அல்ல, நியாயமும் அல்ல. தறிநிலையில் நிற்பவர் தானாக நிற்கிறார், முழங்காலைத் தளர்த்தி நிற்கிறார், கால் கெஞ்சும்போது நிறுத்திக்கொள்கிறார். ஷிப்டில் நிற்பவருக்கு மூன்றாவது உரிமை இல்லை. தசைக்கு இரண்டு நிமிடம் கொடுக்கும் சுமை பயிற்சி. சிரைக்கு எட்டு மணி நேரம் கொடுக்கும் சுமை காயம்.

சட்டம் இதை எப்போதோ உணர்ந்துவிட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றது. கடை ஊழியர்களுக்காகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி இருக்க வேண்டும் என்றது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அதற்கு எடை உண்டு.

நின்றுதான் ஆக வேண்டும் என்றால் முழங்காலைப் பூட்டாதீர்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், அடிபம்பு ஓடட்டும். வீட்டுக்கு வந்ததும் பாயில் படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் சாய்த்து இதயத்துக்கு மேலே பத்து நிமிடம் வைத்திருங்கள். நாள் முழுக்க நின்றவருக்கு அதுதான் பயிற்சி.